மம்ப்ஸ் மொழியில் முதல் அரைமணி நேரம்

அமெரிக்காவில் எபிக் என்ற மருத்துவப் பதிவு மென்பொருள் ஓடும் பெரிய மருத்துவமனையோ, முன்னாள் படைவீரர் துறையின் விஸ்டா என்ற பதிவு அமைப்போ, உள்ளே தோண்டிப் பார்த்தால் நோயாளியின் விவரம் வந்து சேரும் இடம் மம்ப்ஸ் என்ற நிரல் மொழிதான். 1966-67 வாக்கில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகத்தில், நீல் பப்பலார்டோவும் கர்ட் மார்பிளும் உருவாக்கியது. வயதாகிவிட்டது, ஆனால் கற்பதற்கு எளிது.

முதலில் லினக்ஸில், மம்ப்ஸை இயக்கும் யோட்டாடிபி மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், திறமூலம், நிறுவும் ஸ்கிரிப்ட்டை அவர்களே தருகிறார்கள். டெர்மினலில் தொடங்கினால் > குறியோடு ஒரு வரி காத்திருக்கும். கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

ரைட் 2+3*4

14 வராது, 20 வரும். இங்கே பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது, இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் எங்கே சந்தேகம் வந்தாலும் அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். அப்புறம் இது:

செட் வயது=42
செட் ^பேஷன்ட்(101,"நேம்")="செல்வி"
செட் ^பேஷன்ட்(101,"பிபி",1)="130/80"
செட் ^பேஷன்ட்(205,"நேம்")="ரவி"

இப்போது ஹால்ட் என்று தட்டி வெளியே போய், திரும்ப உள்ளே வாருங்கள். வயது போயிருக்கும், செல்வியும் ரவியும் அப்படியே இருப்பார்கள். பெயருக்கு முன்னால் ஒரு ^ போட்டதும் அந்த மாறி வட்டில் நிலையாக உட்கார்ந்துவிடுகிறது, இதற்குத்தான் குளோபல் என்று பெயர். தனியாக டேட்டாபேஸ் இணைப்பு, அட்டவணை வடிவமைப்பு, எஸ்க்யூஎல் எதுவும் கிடையாது. ரவிக்கு ரத்த அழுத்தம் பார்க்கவில்லையா? அந்தக் கிளையே இருக்காது, காலிக் கட்டமாகக்கூட இடம் பிடிக்காது. ஒருவருக்கு இரண்டு பரிசோதனை, இன்னொருவருக்கு இருநூறு என்று இருக்கும் மருத்துவப் பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை நான் பார்த்ததில்லை.

எல்லா நோயாளிகளையும் வரிசையாகப் பார்க்க:

செட் ஐடி="" ஃபார்  செட் ஐடி=$ஆர்டர்(^பேஷன்ட்(ஐடி)) குயிட்:ஐடி=""  ரைட் ஐடி,!

$ஆர்டர் அடுத்த எண்ணைத் தரும், தீர்ந்ததும் வெற்றுச் சரம் தரும், குயிட் சுற்றை நிறுத்தும், கடைசியில் உள்ள ! அடுத்த வரிக்குப் போகச் சொல்லும். ஃபாருக்குப் பின்னாலும் குயிட்டின் நிபந்தனைக்குப் பின்னாலும் இரண்டு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள், ஒன்றாகக் குறைத்தால் பிழை வரும். புதியவர்கள் பாதிப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். பழைய நிரல்களில் செட்டை எஸ், ரைட்டை டபிள்யூ என்று ஓரெழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள், பார்க்கவே கண் வலிக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ரைட் $ஹோரோலாக் என்று தட்டினால் காற்புள்ளியோடு இரண்டு எண்கள் வரும். முதலாவது நாள் கணக்கு, இரண்டாவது நள்ளிரவிலிருந்து ஓடிய நொடிகள். நாள் கணக்கு 1841 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துத் தொடங்குகிறது. அப்போது உயிரோடிருந்த மிக வயதான நோயாளியின் பிறந்த தேதிகூட நேர்ம எண்ணாக வரவேண்டும் என்று அவ்வளவு பின்னால் போனார்களாம்.

கடைசியாக கில். கில் ^பேஷன்ட் என்று ஒரு வரி போதும், செல்வியும் ரவியும் ஒன்றாகக் காலி, "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. அதனால் அதைத் தட்டுவதற்கு முன் மெர்ஜ் ^பேக்கப்=^பேஷன்ட் என்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.