டர்பனில் முதல் சொகுசு செடான்: ஓட்டம், வசதி, நம்பகம் மூன்றையும் பார்த்து எடுப்பது எப்படி?

வேகமான செடான் மீது நம் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1980களில் பி.எம்.டபிள்யூ தென்னாப்பிரிக்காவுக்கென்றே 333ஐ வண்டியைச் செய்தது, அப்புறம் 325ஐஎஸ் வந்தது. டர்பனில் நம் மக்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தின் கல்யாண வீடுகளில் மாமாக்கள் கூடினால் இன்றும் அந்தப் பேச்சு எழும். அப்படியொரு வண்டியை, செகண்ட் ஹேண்டில், முதல்முறையாக வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனி சிறந்தது என்று தேடி அலையாதீர்கள். ஒரே மாடலில், ஒரே வருடத்தில் வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று பத்து வருடம் நன்றாக ஓடும், மற்றது ஒவ்வொரு மாதமும் ஒர்க் ஷாப்பில் நிற்கும். கண்முன் நிற்கும் அந்த வண்டியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: பணம்

வங்கியில் பலூன் தொகை வைத்தால் தவணை குறையும் என்பார்கள். கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டிய அந்தத் தொகைக்கு இன்றே வழி தெரியவில்லை என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இந்த ரக வண்டிகளுக்குப் பெரும்பாலும் டிராக்கரும், அதாவது திருடு போனால் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும், பொருத்தச் சொல்வார்கள்.

மீதமிருக்கும் பிளான் என்ன வகை என்பதையும் கேளுங்கள். சர்வீஸ் பிளான் என்றால் ஆயில், ஃபில்டர் போன்ற வழக்கமான வேலைகள் மட்டும். மெயின்டெனன்ஸ் பிளானில் பிரேக் பேட் மாதிரி தேயும் பாகங்களும் சேரும். டயர் இரண்டிலுமே வராது.

படி 2: நான்கைந்து பெயருக்குள் சுருக்குங்கள்

பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஓட்டுகிறவருக்கான வண்டி. முன்பின் எடை கிட்டத்தட்ட சரிபாதியாக இருப்பதால் வளைவில் திருப்பியதும் சொன்னபடி கேட்கும். அதன் எஃப்30 என்ற தலைமுறை 2018 வரை நம் நாட்டு ரோஸ்லின் ஆலையிலேயே தயாரானது. மெர்சிடீஸ் சி கிளாஸ் ஈஸ்ட் லண்டனில் தயாராகிறது. நெடுஞ்சாலையில் அமைதியானது, அதன் வேக வகையான சி43 எடுத்தால் வேகத்துக்கும் குறைவில்லை. ஆடி எஸ்4 நான்கு சக்கர இயக்கம்; டர்பன் கோடை மழையில் கிளம்பும்போது சக்கரம் வழுக்காது. ஆனால் நான்கு சக்கர இயக்கம் பிரேக் பிடிக்க உதவாது என்பதை மறக்க வேண்டாம். ஆல்ஃபா ஜூலியாவின் ஸ்டியரிங் அருமை. ஆனாலும் முதல் வண்டியாக அதை நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பாகத்துக்குக் காத்திருக்க நேரலாம்.

லெக்ஸஸ் ஐஎஸ் 350, ஐஎஸ் 300எச் இரண்டும் பின்சக்கர இயக்கம், டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) கிடையாது. நம்பகத்தில் எனக்கு முதல் தேர்வு இவைதான். அடிக்கடி ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே சுமார் 1,700 மீட்டர் உயரம், காற்று மெலிந்தது. டர்போ இல்லாத எஞ்சினின் வலு அங்கே தெளிவாகக் குறையும். டர்போ வண்டி அதைப் பெருமளவு சமாளித்துவிடும்.

படி 3: பேட்ஜுக்கு முன் சக்கரத்தைப் பாருங்கள்

விற்கிறவர் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் குனிந்து டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 225/45 ஆர்18 என்றால் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது ஏறக்குறைய 101 மில்லிமீட்டர். 255/35 ஆர்19 என்றால் பக்கச் சுவர் 89தான். நம் சாலைப் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் உயரம். 19 அங்குல ரிம் கண்ணுக்கு அழகுதான், ஆனால் அது பள்ளத்தில் வளைந்தால் ரிம்முக்கும் டயருக்கும் சேர்த்துச் செலவு. அதே வண்டி 18 அங்குலத்தில் கிடைத்தால் தயங்காமல் அதை எடுங்கள். வசதி கூடும், சாதாரண சாலை வேகத்தில் ஹேண்ட்லிங் குறைந்ததாகவே தெரியாது.

டயர் ரன்ஃபிளாட்டா என்றும் பாருங்கள். காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். அதனாலேயே பல பி.எம்.டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது. பக்கச் சுவர் கெட்டியானதால் குலுக்கலும் கூடும். முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம் என்றிருந்தால் டயர்களை முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்தவும் முடியாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019இன் 32ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால், முந்தைய உரிமையாளர் மற்ற இடங்களிலும் காசை மிச்சம் பிடித்திருப்பார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஓட்டிப் பார்ப்பது

எஞ்சின் சூடாவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். "வண்டியை ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் டைமிங் செயின் (எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் சங்கிலி) சத்தம் காதில் விழும்.

அப்புறம் மூன்று விதமான சாலை வேண்டும். முதலில் வேகத்தடை நிறைந்த குடியிருப்புத் தெரு: மெதுவாக ஏறி இறங்கும்போது டொக் டொக் என்று கேட்டால் சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்திருக்கும். அடுத்து பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில். ஏறும்போது கியர் மாறுவதில் உதறல் இருக்கிறதா, இறங்கும்போது பிரேக் அழுத்தினால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக என்3 நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டரில் நேராகப் போங்கள். கையை லேசாக வைத்திருக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஹேண்ட்லிங்கைச் சோதிக்க வேக வரம்பைத் தாண்ட வேண்டியதே இல்லை.

அம்மாவையோ ஆயாவையோ பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். காவடிக்குக் கிளேர்வுட் கோவிலுக்குப் போகும்போது அங்கே உட்காரப் போவது அவர்கள்தானே. பின்சக்கர இயக்க வண்டிகளில் நடுவே ஒரு மேடு இருக்கும், மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்கக் கஷ்டம். "முதுகு வலிக்குது" என்று அவர்கள் சொன்னால் அதை எந்த விமர்சனத்தையும்விட நம்புங்கள்.

படி 5: வண்டியின் கடந்த காலம்

சில எஞ்சின்களின் குறை எல்லோருக்கும் தெரிந்தது. பழைய 320டியின் என்47 டீசலில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம் இருக்கிறது. தேய்ந்தால் பெரிய வேலை. 328ஐயின் என்20 எஞ்சினில் அந்தச் செயினைத் தாங்கும் கைடில் பிரச்சினை. 2010 வாக்கில் வந்த ஆடி ஏ4 2.0 டிஎஃப்எஸ்ஐ ஆயில் குடிக்கும். இவற்றைச் சரிசெய்த ரசீது இருந்தால் வாங்கலாம், வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். பி.எம்.டபிள்யூவின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றவே வேண்டாம் என்று சொல்வார்கள். அந்த கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

நம் க்வாசுலு-நட்டால் மாகாணத்தில் இன்னொரு சோதனை அவசியம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். பதிவுச் சான்றில் கோடு 3 என்றிருந்தால் அது மீண்டும் கட்டப்பட்ட வண்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 6: கையெழுத்து

டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாட்டுக்குப் பழுதுபார்ப்போ மாற்றோ பணமோ கேட்கலாம். தனியாரிடம் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் உள்ளது உள்ளபடி வாங்கியதாகிவிடும். அதனால் விலை பேசுவதற்கு முன் உங்கள் செலவில் வேறொரு இடத்தில் சோதித்துவிடுங்கள். சரி என்று முடிந்ததும் பெயர் மாற்றத்தை 21 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.