கலவரச் செய்தியில் இறந்தவர்களைக் கணக்கெடுப்பது எப்படி?

கலவரம் நடந்த ஊருக்கு நீங்கள் போய் இறங்குவதற்குள் ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும்: "எத்தனை பேர்?" அந்தக் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்லும் முறையை, புதிதாக நிருபர் வேலைக்கு வந்தவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மணிப்பூரை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். 2023 மே 3 அன்று அங்கே மெய்தெய், குக்கி மக்களுக்கிடையே மோதல் வெடித்தது. இறந்தவர்களை எண்ணுவதில் என்னென்ன சிக்கல் வருமோ அத்தனையும் அங்கே வந்தன.

படி 1: நோட்டில் கோடு போடுங்கள்

ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, ஊர், உடல் கிடைத்த இடம், நேரம், எப்படி இறந்தார், யார் சொன்னது, எப்போது சொன்னார். பெயர் கிடைக்கவில்லையா? "ஆண், சுமார் 40, நீலச் சட்டை, இடது கையில் தழும்பு" என்று எழுதுங்கள். மதியம் ஆஸ்பத்திரியில் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று சொல்லப்பட்டவரும், சாயங்காலம் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லி அழுதவரும் ஒரே ஆள்தான் என்பது அந்தத் தழும்பை வைத்துத்தான் பிடிபடும். இல்லாவிட்டால் ஒருவரை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

காணாமல் போனவர்களுக்குத் தனிப் பக்கம். அவர்களை இறந்தவர்களோடு கூட்டாதீர்கள், செய்தியிலிருந்து விட்டும்விடாதீர்கள்.

படி 2: எண்ணுக்குப் பின்னால் போங்கள்

2023 செப்டம்பரில் மணிப்பூர் காவல்துறை கொடுத்த கணக்கு இது: 175 பேர் இறந்தார்கள், 32 பேரைக் காணவில்லை, 96 உடல்களை யாரும் வந்து வாங்கவில்லை. இந்தக் கடைசி எண்ணை அப்படியே போட்டால், அவை நாதியற்ற பிணங்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். சொந்தபந்தம் இருந்தது. ஆனால் மெய்தெய் மக்கள் அதிகமுள்ள தலைநகர் இம்பாலின் பிணவறையில் கிடந்த குக்கி உடல்களை வாங்க, அவர்களுடைய குடும்பத்தார் உயிர் பயமில்லாமல் இம்பாலுக்குள் கால் வைக்க முடியவில்லை. கடைசியில் டிசம்பரில், உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 60 குக்கி உடல்கள் மலை மாவட்டங்களுக்குப் போயின. குக்கி மக்கள் அதிகமுள்ள சூராசந்த்பூரில் இருந்த 4 மெய்தெய் உடல்கள் இம்பாலுக்கு வந்தன. ஏழு மாதம்! இரண்டு பக்கத்துப் பிணவறைக்கும் போன நிருபரால்தான் இதை எழுத முடியும். ஒரு பக்கம் மட்டும்தான் போக முடிந்தது என்றால், அதையும் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார்?

சீனாவின் உரும்கி நகரில் 2009 ஜூலை 5 அன்று கலவரம் நடந்தது. அரசு சொன்ன எண்ணிக்கை முதலில் 140, பிறகு 156, அப்புறம் 184, முடிவில் 197. நாடு கடந்து வாழும் உய்குர் மக்களின் (அந்தப் பகுதியைச் சேர்ந்த முஸ்லிம் இனம்) அமைப்புகள் இதைவிடப் பல மடங்கு சொன்னார்கள். இரண்டையும் கூட்டி வகுத்து நடுவில் ஒரு எண் போடுவது நியாயம் ஆகாது. யார், எந்தத் தேதியில், எதை வைத்துச் சொன்னார் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

படி 4: வினைச்சொல்லைப் பாருங்கள்

2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். இதை "போராட்டத்தில் வன்முறை: 13 பேர் பலி" என்று எழுதினால் சுட்டவர் யார் என்பதே மறைந்துவிடும். தெரிந்தால் "போலீஸ் சுட்டதில்" என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் "குண்டு பாய்ந்து இறந்தார், சுட்டது யார் என்று தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

'இரு தரப்பினர் மோதல்' என்ற வழக்கமான வரியும் அப்படித்தான். ஒரு கும்பல் போய் ஒரு தெருவை எரித்தால் அது தாக்குதல்.

'பொதுமக்கள்' என்ற சொல்லையும் யோசித்துப் போடுங்கள். மணிப்பூரில் இரண்டு பக்கமும் ஊர்க்காவலுக்குத் துப்பாக்கியோடு நின்ற ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இறந்தால் 'அப்பாவி' என்றோ 'தீவிரவாதி' என்றோ நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. "துப்பாக்கியோடு காவலில் இருந்தவர்" என்று கண்டதை எழுதினால் போதும். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் அதே சொல்தான்.

படி 5: படத்தை நம்பிவிடாதீர்கள்

மணிப்பூரில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு பெண்ணின் உடலின் படம் பரவியது. எங்கள் பெண்ணை இப்படிச் செய்துவிட்டார்கள் என்ற ஆத்திரம் அதோடு சேர்ந்து பரவியது. உண்மையில் அது 2022இல் கொல்லப்பட்ட ஒரு டெல்லிப் பெண்ணின் படம். கையில் வரும் எந்தப் படத்தையும் முதலில் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், எடுத்தவரிடம் பேசுங்கள், முடியவில்லையென்றால் போடாதீர்கள். குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரும்முன் முகத்தையோ பெயரையோ வெளியிடவே வேண்டாம்.

படி 6: நோட்டை மூடாதீர்கள்

மணிப்பூரில் இரண்டு பெண்களை நிர்வாணமாக இழுத்துச் சென்ற கொடுமை நடந்தது 2023 மே 4 அன்று. வீடியோ வெளியே வந்தது ஜூலை 19 அன்று. இணையம் முடக்கப்பட்டிருந்த காலத்துச் செய்தி எப்போதுமே பாதிதான். எண்ணிக்கை மாறினால் பழைய எண்ணை ஓசைப்படாமல் திருத்தாதீர்கள். எது, ஏன் மாறியது என்று சேர்த்து எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் கணக்கில், 175 உடல்களில் 6 பேரின் அடையாளம் தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களின் வரிகளை நோட்டில் அப்படியே வைத்திருங்கள். பெயர் கிடைக்கும் நாளில், வேறு யாரும் போடாவிட்டாலும், நீங்கள் ஒரு சின்னச் செய்தி போடுங்கள்.