பறக்குற தேனீய தெளிவா போட்டோ எடுக்கணுமா?

மதுரை வெயில் பத்து மணிக்கெல்லாம் சுள்ளுனு ஏறிரும்ல, அதனால காலைல ஏழுல இருந்து ஒன்பதுக்குள்ள எடுத்துருங்க, வெளிச்சமும் சாஞ்சு அழகா விழும். தேனீய துரத்தாதீங்க, அதான் ரொம்ப முக்கியம். பூத்துருக்குற முருங்கையோ துளசியோ பாத்து பக்கத்துல ஆடாம நில்லுங்க, பூவுல உக்காரப்போறதுக்கு முன்னாடி அது ஒரு செகண்ட் அந்தரத்துல அப்படியே நிக்கும், பின்னங்கால்ல மகரந்த உருண்டை மஞ்சளா ஒட்டிருக்குறது கூட தெரியும், நமக்கு வேண்டியது அந்த எடம்தான். ஆட்டோ ஃபோகஸ நம்பாம மேனுவல்ல, அதாவது ஃபோகஸ நாமளே கையால திருப்புற மாதிரி வச்சு பூவுக்கு கொஞ்சம் முன்னாடி செட் பண்ணிக்கிட்டு, அது உள்ள வரும்போது பர்ஸ்ட் மோடுல (விடாம அடுத்தடுத்து படம் எடுக்குற மோடு) அமுக்குங்க. தேனீ செகண்டுக்கு 200 தடவைக்கு மேல றெக்கை அடிக்கும், அதனால ஷட்டர் ஸ்பீடு (கேமரா ஷட்டர் தொறந்து மூடுற வேகம்) 1/2000 செகண்டவிட மெதுவா வேணாம், றெக்கை இன்னும் சுத்தமா தெரியணும்னா 1/4000. அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை) எஃப் 8 போதும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) ஏறுனா ஏறட்டும், புள்ளிப்புள்ளியா வந்தா கூட சரி பண்ணிரலாம், படம் கலங்கிருச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது. செண்ட் போட்டுட்டு போகாதீங்க, எடுக்குறதெல்லாம் பூவுகிட்டதான், கூட்டுப் பக்கம் வேணவே வேணாம், அதுலயும் மலைத்தேனீ கூடுன்னா கிட்டயே போயிராதீங்க.