பாம்பெயி இடிபாடுகளுக்குப் போகிறீர்களா? ரயிலில் கவனம்

பாம்பெயி, எரிமலை புதைத்த பழைய ரோமானிய நகரம். இத்தாலியின் நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தில் சர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறும்போது, அது சோரென்டோ போகும் வண்டிதானா என்று பாருங்கள். இறங்க வேண்டியது 'பாம்பெயி ஸ்காவி – வில்லா டெய் மிஸ்தேரி'. பெயரில் வெறும் 'பாம்பெயி' மட்டும் பார்த்து வேறு தடத்தில் ஏறினால், இன்றைய ஊருக்குள் போய் இறங்குவீர்கள், அங்கிருந்து நடைதான்.

இடிபாடுகளின் நுழைவு டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை; கோடையில் முன்பதிவு நல்லது. 30×30×15 செ.மீ.-க்கு மேற்பட்ட பை உள்ளே போகாது.

எல்லோரும் போர்தா மரீனா வாசலில் நுழைந்து நேரே ஃபோரத்துக்கு, அதாவது பழைய நகரின் பொதுச் சதுக்கத்துக்கு, போவார்கள். காலையில் கூட்டம் அங்கேதான். எதிர்ப்பக்கம், ஆம்பிதியேட்டர் வாசலில் தொடங்குங்கள். கி.மு. 70 வாக்கில் கட்டிய அந்த அரங்கை ஓரளவு நிம்மதியாகப் பார்த்துவிட்டு, அபொந்தான்சா தெரு வழியே மேற்கே வரலாம்.

தெரு முழுக்க எரிமலைப் பாறைப் பலகை. வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளத்தில் கால் பிசகும், மழையில் வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூதான். நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். காலி பாட்டில் ஒன்று போதும். தெருமுனைக் கல்தொட்டிகள் சிலவற்றில் குடிநீர் வருகிறது.