ஆப் எதுவும் வேண்டாம்: காரின் கணினியிடம் லேப்டாப்பில் நேரடியாகக் கேட்பது எப்படி

ஸ்டியரிங்குக்கு அடியில், பெடல்களுக்கு மேலே குனிந்து பார்த்தால் 16 முனைகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். சில வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். இதுதான் ஓபிடி-2 சாக்கெட், காரின் கணினியோடு பேசுவதற்கான வாசல். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் பிஎஸ்-4 காலத்தில் 2013 ஏப்ரலிலிருந்தும் கட்டாயமானது. பிஎஸ்-6 கார் என்றால் தேடவே வேண்டாம், இருக்கும். சாக்கெட்டின் நடுவிலுள்ள பள்ளம் இரண்டு துண்டாகப் பிரிந்திருந்தால் அது 24 வோல்ட் வண்டிக்குரியது; கார் அடாப்டரை அதில் செருகக் கூடாது.

வாங்க வேண்டியது, இந்த சாக்கெட்டையும் லேப்டாப்பையும் இணைக்கும் எல்ம்327 வகை அடாப்டர் ஒன்று. லேப்டாப்புக்கு யுஎஸ்பி கம்பி வைத்ததே நல்லது. புளூடூத் அடாப்டர் விண்டோஸில் இரண்டு காம் போர்ட்களை (கருவியோடு பேசுவதற்கான எண்ணிட்ட வாசல்கள்) உண்டாக்கும். ‘அவுட்கோயிங்’ என்று காட்டுவதைத்தான் திறக்க வேண்டும். வைஃபை அடாப்டரோ இணைந்திருக்கும் நேரமெல்லாம் லேப்டாப்பின் இன்டர்நெட்டைப் பறித்துக்கொள்ளும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள். ‘பதிப்பு 1.5’ என்று காட்டும் சிப் நகல்தான் என்பதில் சந்தேகமில்லை. அசல் சிப்பை உருவாக்கிய எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் கீழே சொல்லும் வேலைக்கு அந்த நகலே போதும். ‘2.1’ என்று காட்டும் மலிவு நகல்களில் பல கட்டளைகள் இருக்காது, அவற்றைத் தவிர்க்கலாம்.

செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது மேல்வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. சாவியைத் திருப்பாமலே 16-க்கும் 4-க்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும்: நல்ல பேட்டரியில் 12.4 முதல் 12.7. வரவில்லையென்றால் சிகரெட் லைட்டர் ஃபியூஸைப் பாருங்கள்; பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். போனுக்கு சார்ஜ் போட்டபோது அது போனது யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்து, பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இவை கேன் லைனின், அதாவது வண்டியின் கணினிகள் தமக்குள் பேசும் இணைப்பின், இரு கம்பிகள். இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் மீட்டர் 60 பக்கம் காட்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கலாம். சாக்கெட்டுக்கும் உள் இணைப்புக்கும் நடுவில் கேட்வே என்ற காவல் கணினி வைத்த புது வண்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தாமல் போவதுண்டு. கேன் இல்லாத பழைய வண்டிகள் பெரும்பாலும் 7-ஆம் முனையில், கே லைன் என்ற ஒற்றைக் கம்பியில் பேசும்.

இப்போது லேப்டாப். யுஎஸ்பியைச் செருகியதும் டிவைஸ் மேனேஜரில் காம் எண் தெரிய வேண்டும். மஞ்சள் ஆச்சரியக்குறி வந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். அடாப்டரின் யுஎஸ்பி சிப் எஃப்டிடிஐயா சிஎச்340யா என்று பார்த்து அதற்குரியதை நிறுவுங்கள். லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் ‘டயல்அவுட்’ குழுவில் இல்லாவிட்டால் அனுமதி மறுக்கும். உபுண்டு 22.04-இல் சிஎச்340 வந்தவுடன் மறைந்துபோனால், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெயில் கருவிக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தேவையில்லாதவர்கள் நீக்கிவிடலாம்.

கட்டளைகளைத் தட்டி அனுப்ப உதவும் ‘புட்டி’ என்ற மென்பொருளைத் திறந்து ‘சீரியல்’ தேர்ந்து, காம் எண்ணும் 38400 வேகமும் கொடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோல் ‘நன்’. திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் வேகம் தவறு: 9600, 115200 இரண்டையும் முயலுங்கள். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம், கீபோர்டில் அதே ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும் அடாப்டருக்கு ஒன்றுதான்.

முதலில் ‘ஏடி இசட்’. அடாப்டர் தன் பெயரைச் சொல்லும். ‘ஏடி ஆர்வி’ கொடுத்தால் வோல்டேஜ் வரும். இந்த இரண்டும் காரின் கணினியைத் தொடுவதில்லை. ஆகவே இவை வந்தால் லேப்டாப்பும் அடாப்டரும் சரி, இனி கோளாறு வந்தால் அது வண்டிப் பக்கம். ஆப்பை நிறுவி, ‘கனெக்ட் ஆகவில்லை’ என்ற ஒற்றை வரியைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இந்தப் பிரிவினை கிடைப்பதே இல்லை. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ‘ஏடி எல்1’ கொடுங்கள்.

சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். ‘ஏடி எஸ்பி 0’ கொடுத்தால் வண்டியின் மொழியை அடாப்டரே தேடிக்கொள்ளும். பிறகு ‘0100’. சில நொடிகள் தேடிவிட்டு 41 00 என்று தொடங்கும் பதில் வந்தால் இன்ஜின் கணினி பேசிவிட்டது. ‘அனேபிள் டு கனெக்ட்’ வந்தால் பெரும்பாலும் சாவி ‘ஏசிசி’ நிலையிலேயே (ரேடியோ போன்றவற்றுக்கு மட்டும் கரன்ட் வரும் நிலை) நின்றிருக்கும். ‘நோ டேட்டா’ என்றால் கேட்ட விவரம் அந்த வண்டியில் இல்லை. ‘ஸ்டாப்ட்’ வந்தால் அவசரம் உங்களுடையது, பதில் முடியும் முன் அடுத்த எழுத்தைத் தட்டிவிட்டீர்கள்.

பதில்கள் 16-அடிமான எண்களில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) வரும். காலையில் ஸ்டார்ட் செய்த இன்ஜினிடம் ‘0105’ கேட்டு 41 05 46 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 41 05 என்பது எந்தக் கேள்விக்கான பதில் என்ற அடையாளம், விவரம் கடைசி 46-இல். 46 என்பது நம் கணக்கில் 70. அதில் 40 கழித்தால் கூலன்ட் 30 டிகிரி. ‘010சி’ கேட்டு 41 0சி 11 80 வந்தால் 11 என்பது 17, 80 என்பது 128. 17 × 256 + 128 = 4480; நான்கால் வகுத்தால் 1120 ஆர்பிஎம். குளிர்ந்த இன்ஜினுக்கு இது இயல்புதான்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ‘03’ கேளுங்கள். கேன் வண்டியில் 43 01 01 71 வந்தால்: கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) ஒன்று இருக்கிறது, அது பி0171. (கோடின் முதல் இலக்கம் 0 முதல் 3 வரை என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம், முன்னாலுள்ள பி அதைத்தான் குறிக்கிறது; 4 முதல் 7 வரை சேஸிஸ்.) ‘07’ கேட்டால் இன்னும் விளக்கை எரியவிடாத, நிலுவையிலுள்ள கோடுகள் வரும்.

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்றுதான் பொருள். ‘ஆக்ஸிஜன் சென்சாரை மாற்று’ என்று அது சொல்லவில்லை. இன்ஜின் சூடானபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ‘0107’ கேளுங்கள். 41 07 99 வந்தால் 99 என்பது 153. 128 கழித்தால் 25. அதை 100-ஆல் பெருக்கி 128-ஆல் வகுத்தால் 19.5. கணினி தன் வழக்கத்தைவிட 19.5 சதவீதம் கூடுதல் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது. ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கச் சொல்லி மறுபடி கேளுங்கள். எண் நன்றாக இறங்கினால் இன்டேக் பக்கம் எங்கோ காற்று ஒழுகுகிறது: வெடித்த வேக்கூம் ஹோஸ், தளர்ந்த கிளாம்ப். ஐடிலில் அந்தக் கள்ளக்காற்று பெரிய பங்கு, வேகத்தில் சிறிய பங்கு, அதனால்தான் இறங்குகிறது. மாறாக எண் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய காற்றளவு சென்சார் என்று தேடுங்கள். இதையெல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

கோடுகளை அழிக்கும் கட்டளை ‘04’. கேட்டு உறுதிசெய்யாது, என்டர் தட்டியதும் போய்விடும். கோளாறு விழுந்த கணத்தில் வேகம், வெப்பம் என்ன என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் கூடவே அழியும். சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ நிலைக்குத் திரும்பும். ஆகவே கோடுகளையும், ஃப்ரீஸ் ஃப்ரேமிலுள்ள கூலன்ட் வெப்பத்தையும் ஆர்பிஎம்மையும் கேட்கும் ‘020500’, ‘020சி00’ தரும் பதில்களையும் எழுதி வைத்துக்கொண்டு, பழுதையும் பார்த்தபின், இன்ஜினை நிறுத்தி சாவி ‘ஆன்’ நிலையில் மட்டும் கொடுங்கள்.

ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் இந்தப் பொதுவான கேள்விகளில் வராது. அவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் மொழி, அதற்கான மென்பொருள் வேறு. கண்ட கட்டளைகளை அந்தப் பக்கம் அனுப்பிப் பார்க்காதீர்கள்.

முடிந்ததும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். 16-ஆம் முனையில் எப்போதும் கரன்ட் உண்டு. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.