தகரக் கூரை வீட்டுல சூடு குறைய ஒரு வழி

ரங்கூன் பக்கம் ஏப்ரல் வெயில்ல தகரத்துக்குக் கீழ உக்காரவே முடியாதுல்ல, ஏசி வாங்குறதுக்கு முன்னாடி (கரண்ட் இருந்தாத்தான அதுவும்!) இத செஞ்சு பாருங்க. தகரத்துக்கு ஒரு சாண் கீழ மூங்கில் பாயால சீலிங் அடிச்சு, இறவாணம் பக்கம் கொஞ்சம், கூரை உச்சியில கொஞ்சம் திறப்பு விட்டுடுங்க, சூடான காத்து தானா மேல ஏறி வெளிய போயிடும், கீழேருந்து புதுக்காத்து உள்ள வரும். உச்சித் திறப்புக்கு மேல இன்னொரு தகரத்தைத் தூக்கி வெச்சு மூடணும், இல்லன்னா மே மாச மழை நேரா வீட்டுக்குள்ளதான்.

ஜிம்பாப்வே ஹராரேல 1996ல திறந்த ஈஸ்ட்கேட் கட்டடம் கரையான் புத்துக்குள்ள காத்து போய் வர்றதைப் பாத்து டிசைன் பண்ணதுன்னு பெருசா பேசுறாங்க, இங்க கால் மேல நிக்கிற மூங்கில் வீட்டுல தரையிடுக்கு வழியா காத்து வர்றதை யாரும் கண்டுக்கிறதில்ல.

மூங்கில் வாங்கும்போது இளசு வேண்டாம், மூணு வருஷமாவது முத்துனதா, மழை முடிஞ்சு வெட்டுனதா கேளுங்க, மாவுச்சத்து கம்மியா இருந்தாத்தான் வண்டு அரிக்காது. போராக்ஸும் (வெங்காரம்) போரிக் ஆசிடும் கலந்த தண்ணியில ஊறவெச்சா இன்னும் நல்லது, ஆனா அது மழையில கரைஞ்சு போயிடும், அதனால கூரைக்கு உள்பக்கம் மட்டும்தான் சரிவரும்.