தெற்குத் திரோல்: ஒரே ஊருக்கு மூன்று பெயர், தடுமாறாமல் போவது எப்படி?

ஆஸ்திரியாவை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் இத்தாலிய மாகாணம் இது. ஜெர்மனில் சூட்டிரோல், இத்தாலியனில் ஆல்தோ ஆதிஜே. 1919இல்தான் இத்தாலியின் கைக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி 69 சதவீதத்தினர் ஜெர்மன், 26 சதவீதத்தினர் இத்தாலியன், நான்கரை சதவீதத்தினர் லதீன் மொழியினர். லதீன் வேறு, லத்தீன் வேறு. லத்தீனிலிருந்து பிறந்து, இன்றும் வீட்டில் பேசப்படும் மொழி லதீன்.

படி 1: போகும் ஊரின் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாததால்தான் பலர் தவறான இடத்தில் இறங்குகிறார்கள். பொட்சன் – போல்சானோ, மெரான் – மெரானோ என்பவை ஒலியிலேயே பிடிபடும். ஆனால் ஷ்டெர்ட்சிங்தான் விப்பித்தேனோ என்று யாராலும் ஊகிக்க முடியாது. இத்தாலியத் தேசியவாதி எத்தோரே தொலொமேய் 1916இல் வெளியிட்ட இத்தாலியப் பெயர்ப் பட்டியலே 1923இல் அரசாணையாயிற்று. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களோ பெரும்பாலும் ஜெர்மன் பேசுபவர்கள். லதீன் பள்ளத்தாக்குகளில் மூன்றாவது பெயரும் உண்டு: சாங்க்ட் உல்ரிஹ், ஓர்த்திசேய், ஊர்த்திஷேய் மூன்றும் ஒரே ஊர்.

அந்த ஊர் கார்தேனா பள்ளத்தாக்கில் இருக்கிறது. "கார்தா" என்று தேடினால் தெற்கே வெகுதூரத்தில் உள்ள ஏரிக்குப் போய்விடுவீர்கள். பள்ளத்தாக்குக்கு ரயில் கிடையாது. போன்தே கார்தேனா நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அதன் ஜெர்மன் பெயர் வைட்ப்ருக். பலகையில் இரண்டும் இருக்கும்.

படி 2: எந்த மொழியில் தொடங்குவது?

116 உள்ளாட்சிகளில் இத்தாலியன் பெரும்பான்மையாக இருப்பவை ஐந்தே. தலைநகர் பொட்சன் அவற்றில் ஒன்று. அங்கே ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தாலியர்கள், "பொன்ஜோர்னோ" போதும். மலைக்கிராமங்களில் "க்ரூஸ் காட்" சொல்லுங்கள். நன்றிக்கு ஜெர்மனில் "டாங்கே", இத்தாலியனில் "க்ராட்சியே". லதீனிலோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும்: கார்தேனாவில் "தே க்ரா", பாதியாவில் "ஜூலான்". இந்த ஒரு சொல்லைக் கற்றுப் போனால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

ஒருமை, பன்மையில் கவனம். முன்பின் தெரியாத பெரியவரிடம் நாம் "நீ" என்போமா? அங்கும் "நீங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல ஜெர்மனில் "சீ", இத்தாலியனில் "லேய்".

படி 3: அலுவலகமும் தொலைபேசியும்

1972ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டப்படி அரசு அலுவலகத்தில் ஜெர்மன், இத்தாலியன் இரண்டில் எதிலும் விண்ணப்பிக்கலாம். அங்கே வேலைக்குச் சேர இருமொழித் தேர்ச்சி வேண்டும். பள்ளிகள் ஜெர்மன் வழி, இத்தாலியன் வழி என்று தனித்தனி. லதீன் பகுதியில் மட்டும் இரண்டுக்கும் சம நேரம், கூடவே லதீனும்.

பொட்சன் எண்கள் 0471இல் தொடங்கும். வெளிநாட்டிலிருந்து +39 போட்ட பிறகும் அந்தப் பூஜ்யத்தை விடக்கூடாது. விட்டால் அழைப்பு போகாது.